நாடி 52

எங்கட ஊரில் 'தைரொயிட்' என்றதும் சனம் முதலில் பார்ப்பது கழுத்தை, பிறகு இடுப்பை. "வீங்கியிருக்கோ?" "உடம்பு வைக்குதோ?" அவ்வளவுதான் விசாரணை. கலியாணம் ஆகாத பெட்டை என்றால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அது தாயின் காதுக்கு மட்டும் போகும். நெஞ்சைப் பற்றி யாரும் கேட்டு நான் அறியவில்லை. இருபது வயதுப் பிள்ளைக்கு நெஞ்சில் என்ன வரப்போகிறது என்ற எண்ணம்.

வருகிறது. மாரடைப்பு மாதிரிப் பதறவைத்துக்கொண்டு வராததால் கண்ணில் படுவதில்லை. சோம்பல், பரீட்சைப் பயம், இரத்தக்குறைவு, ஃபோன் என்று வீட்டில் ஏற்கெனவே புழங்குகிற பெயர்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

தங்கச்சியின் மகள் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த காலம். கரவெட்டியிலிருந்து நெல்லியடிக்கு ரியூசனுக்குச் சைக்கிளில் போய்வருகிறவள், பாதி வழியில் இறங்கி உருட்டத் தொடங்கினாள். எங்கட றோட்டில் ஏற்றம் என்று சொல்ல ஒரு சாண் உயரம் கிடையாது. சோளகக் காற்று எதிர்த்து அடிக்குது என்றாள். சோளகம் ஓய்ந்த பிறகும் உருட்டிக்கொண்டுதான் வந்தாள். நல்ல வெயில் நாளில் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு படுத்தாள். கிணற்றுத் தண்ணி குளிருது என்று குளிக்கச் சுடுதண்ணி கேட்டாள். குளிர் என்ற ஒன்றே இல்லாத ஊரில் ஒரு பிள்ளைக்குக் குளிர்கிறது என்றால் நாங்கள் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதற்குப் பதில் ஆளுக்கொரு புத்திமதி சொன்னோம். "பெரியம்மா, மாடிப்படி ஏறினா இளைக்குது" என்று ஒருநாள் அவளாகவே வாய்திறந்த பிறகுதான் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது.

அவர் பழைய காலத்து டொக்டர். ஸ்டெதஸ்கோப்பை எடுக்க முதல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். 52. "பிள்ளை ஓட்டப்போட்டி ஓடுறவவோ?" என்று தாயிடம் கேட்டார். கேள்வியில் பகிடி இல்லை. ஓடிப் பழகியவர்களுக்கும் நாள்தோறும் கரப்பந்து ஆடுகிற பெடியளுக்கும் ஆறுதலாக இருக்கும்போது நாடி ஐம்பதில் நிற்பது நல்ல சுகத்தின் அடையாளம். அவர்களின் இதயம் ஒரு துடிப்பிலேயே நிறைய இரத்தத்தைத் தள்ளிவிடும். சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு அதே 52 வேறு கதை சொல்கிறது. பிறகு அவர் குதிக்கால் தசைநாணில் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் உதறியது, பழைய இடத்துக்குத் திரும்பி வரத்தான் நேரம் எடுத்தது. அவ்வளவு மெதுவாக ஒரு பாதம் இறங்கி நான் பார்த்ததில்லை. இரத்தம் எடுத்து ரி.எஸ்.எச். பார்க்கச் சொன்னார். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சிறிது மாறினாலும் அது ஏறத்தாழ 0.4க்கும் 4க்கும் இடையில் இருக்கவேண்டியது. தைரொயிட் குறைந்தால் இந்த எண் ஏறும். அவளுக்கு அதைப்போலப் பல மடங்கு. ஈ.சி.ஜி.யில் அலைகள் குட்டையாக இருந்தன. எக்கோவில் இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் நீர்.

அந்த மெதுவாகத் திரும்பிய பாதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. தசை சுருங்குவதற்கு அதன் கலங்களுக்குள் கல்சியம் வெளிப்பட வேண்டும். தளர்வதற்கு அந்தக் கல்சியத்தை மீண்டும் உள்ளே இழுத்துச் சேமிக்க வேண்டும். இழுக்கிற வேலையைச் செய்யும் புரதத்தைப் போதிய அளவு தயாரிக்கச் சொல்லிக் கட்டளையிடுவது தைரொயிட் ஓமோன். ஓமோன் குறைந்தால் அந்தப் புரதமும் குறைகிறது, தசை சுருங்கிய பிறகு விட்டுக்கொடுக்கத் தாமதிக்கிறது. காலில் அது ஒரு வேடிக்கை. இதயத்தில் அப்படி இல்லை, ஏனென்றால் இதயம் தளரும் நேரத்தில்தான் அதற்குள் இரத்தம் நிரம்புகிறது. தளர்வது தாமதித்தால் நிரம்புவது குறையும், நிரம்பாததைத் தள்ள முடியாது. இளவயதுக்காரரின் எக்கோவில் பெரும்பாலும் முதலில் தெரிவது இந்தக் குறைதான். சுருங்கும் பலம் ஓரளவு ஒழுங்காக இருக்கும். ஆறுதலாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. படியேறும்போது, எதிர்க்காற்றில் மிதிக்கும்போது மாட்டிக்கொள்ளும்.

தைரொயிட் சுரப்பி பெரும்பாலும் வெளியிடுவது ரி4. அதிலிருந்து ஒரு அயடீன் அணுவைக் கழற்றி, வேலை செய்யக்கூடிய ரி3 ஆக்குவது ஈரல் போன்ற மற்ற உறுப்புகள். இதயத் தசைக்கு இந்த மாற்றும் வேலை அவ்வளவாகத் தெரியாது. இரத்தத்தில் வருகிற ரி3ஐ நம்பித்தான் அது இருக்கிறது. அதனால் ரி3 குறையும்போது அடிபடும் உறுப்புகளில் இதயமும் ஒன்று. துடிப்பின் வேகம் குறைகிறது. போதாததற்குச் சின்ன நாடிகள் தளர்ந்து கொடுப்பதற்கும் ரி3 வேண்டும். அது இல்லாதபோது அவை இறுகி, இரத்த அழுத்தத்தின் கீழ் எண் ஏறுகிறது. தோட்டக் கிணற்றில் மோட்டர் போடுகிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம்: கரண்ட் குறைந்த நேரத்தில் மோட்டர் மெதுவாக ஓடுகிறது, அந்த நேரம் பார்த்துக் குழாயையும் யாரோ மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள். மோட்டரைக் கழற்றிப் பார்த்தால் பழுது ஒன்றும் இருக்காது. நோய் கடுமையாகி, கனகாலம் கவனிக்காமல் விட்டால் இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் இரத்தம் 30 முதல் 50 வீதம் வரை குறையலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இதயத்தைச் சுற்றி வரும் நீர் இன்னொரு விசித்திரம். ஓமோன் குறைவில் மயிர்த்துளைக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன, கசிந்ததை வடித்துக்கொண்டு போகும் நிணநீரும் மந்தமாகிவிடுகிறது. நீர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்வதால் இதயத்தின் உறை அதற்கேற்ப விரிந்து கொடுக்கும். எக்ஸ்ரேயில் இதயம் பூசணிக்காய் அளவு தெரிந்தும் ஆள் எழும்பி நடந்துகொண்டிருப்பார். சிலருக்கு மட்டும் ஆபத்தாகும்.

தைரொயிட் குறைவில் இதயம் படும் பாட்டை முதலில் வடிவாக எழுதிவைத்தவர் ஹெர்மன் சொண்டெக் என்ற ஜேர்மன் வைத்தியர். 1918இல், முதலாம் உலகப்போரின் கடைசி வருடத்தில், தைரொயிட் அற்றுப்போன நோயாளிகளின் இதயம் விரிந்து, மந்தமாகத் துடித்து, ஈ.சி.ஜி. அலைகள் தாழ்ந்து கிடப்பதைக் கண்டார். தைரொயிட்டிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்ததும் விரிந்த இதயம் சுருங்கித் தன் அளவுக்கு வந்தது. பெருத்துப்போன இதயம் திரும்பவும் சின்னதாவது அந்தக் காலத்தில் கேள்விப்படாத சங்கதி. சொண்டெக் யூதர், 1933இல் ஹிட்லர் வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி, பின்னாளில் எருசலேமில் வைத்தியம் பார்த்தார். இடம்பெயர்ந்த டொக்டர்களைப் பற்றி வடமராட்சி ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருக்கு முன்னால், 1891இல், இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மறே என்ற இளம் வைத்தியர் 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஆட்டுத் தைரொயிட்டின் சாற்றை ஊசியால் ஏற்றிப் பார்த்தார். பிறகு அதையே குடிக்கக் கொடுத்தார். அடுத்த வருடமே, ஊசி வேண்டாம், ஆட்டுத் தைரொயிட்டை இலேசாகப் பொரித்து ஜாமோடு சாப்பிடலாம் என்று எழுதிய வைத்தியரும் உண்டு. மறேயின் நோயாளி இன்னும் 28 வருடம் வாழ்ந்து 74 வயதில்தான் இறந்தார். அதுவரைக்கும் அவருக்காகத் தைரொயிட்டைக் கொடுத்த ஆடுகள் 870க்கு மேல். காலையில் ஒரு கடுகளவு குளிசையைப் போட மறந்து போகிற எங்கட பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை இது. பெரிதாகப் பலன் இல்லை.

உப்புக்கு வருகிறேன், ஏனென்றால் தைரொயிட் என்றால் உப்பு, உப்பென்றால் எங்கட பக்கம். கரவெட்டிக்குப் பக்கத்திலேயே கரணவாய். தொண்டைமான் என்பவன் சோழநாட்டிலிருந்து வந்து, கரணவாயிலும் வெள்ளப்பரவையிலும் விளைகிற உப்பை ஏற்றிக்கொண்டு போக ஆற்றை வெட்டுவித்தான், அதுதான் தொண்டைமானாறு என்று யாழ்ப்பாண வைபவமாலை கதை சொல்கிறது. அந்தப் பெருமையில் "எங்களுக்கென்ன, கடல் உப்பு" என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். கடல் மீனில் அயடீன் உண்டு. வெயிலில் காயவைத்து அள்ளுகிற கடல் உப்பில் மிஞ்சுவது சொற்பத்திலும் சொற்பம். பைக்கற்றில் வரும் அயடீன் உப்பில் இருப்பது பிறகு சேர்த்த அயடீன்.

இலங்கையில் கண்டக்கழலை அதிகம் இருந்தது தென்மேற்கு ஈரவலயத்தில். 1989இல் வெளியான ஆய்வொன்று 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்து, 18.8 வீதமானவர்களுக்குக் கழலை இருப்பதாகச் சொன்னது. களுத்துறையில் அது 30 வீதத்தைத் தாண்டியது. 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. அந்த வருட ஐப்பசியில் போரால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் எங்கட பக்கத்துக்கும் வந்துகொண்டிருந்தது. உப்புப் பைக்கற்றின் பின்பக்கத்தை வாசிக்க யாருக்கு நேரம்?

அயடீன் வந்தபிறகு கதை வேறு பக்கம் திரும்பியது. 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 11 முதல் 16 வயது வரையான இலங்கைப் பாடசாலை மாணவிகளின் இரத்தத்தில், தங்கள் தைரொயிட்டுக்கு எதிராகத் தாங்களே உருவாக்கிய எதிர்ப்புப் பொருள்கள் வழக்கத்துக்கு மீறிய அளவில் காணப்பட்டன. 'அயடீன்தான் காரணமா?' என்று ஆய்வாளர்கள் தலைப்பிலேயே கேட்டார்கள். சில வருடங்கள் கழித்துப் பார்த்தபோது அந்த அளவு குறைந்திருந்தது. எதிர்ப்புப் பொருள் இருப்பவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அயடீன் போதியளவு கிடைக்கிற ஊர்களில் இளவயதுத் தைரொயிட் குறைவுக்கு முதல் காரணம், உடலின் காவற்படை தன் சுரப்பியையே அரித்துத் தின்பது. 1912இல் ஹக்காரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர் விவரித்ததால் அவர் பெயரிலேயே அந்த நோயை அழைக்கிறார்கள். பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். அதற்காக ஆண்களைத் தொடாமல் விடுவதில்லை. அக்கரையிலும் நிலைமை இதுதான்: சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் வயதுவந்தோரில் 10.95 வீதமானவர்களுக்குத் தைரொயிட் குறைவு. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

இரத்தக்குறைவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பெட்டைப்பிள்ளை களைக்கிறாள் என்றால் எங்கட வீடுகளில் கேள்வியே இல்லாமல் "இரத்தம் காணாது" என்பார்கள். பல நேரம் அது உண்மையும்கூட. தைரொயிட் குறைந்தால் மாதவிடாய் அதிகமாகப் போகும். அதனால் இரும்புச்சத்து குறையும். மெதுவாக ஓடுகிற இதயம், பிராணவாயுவைக் குறைவாகச் சுமக்கிற இரத்தத்தை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டிவரும். இரும்புக் குளிசை கொடுத்ததும் பிள்ளை கொஞ்சம் தேறும், எல்லாரும் திருப்தியடைவார்கள், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். பிறகு ஒருநாள் தைரொயிட்டும் பிடிபட்டு, அதற்குக் கொடுக்கும் தைரொக்சின் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒன்றாக ஒரே மடக்குத் தண்ணியில் விழுங்குவாள். இரும்பு தைரொக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் நாலு மணித்தியாலம் வேண்டும். கல்சியத்துக்கும் அப்படித்தான்.

பெடியள் விஷயத்தில் ஒளிகிற இடம் கொலஸ்ட்ரோல். கெட்ட கொலஸ்ட்ரோலை இரத்தத்திலிருந்து ஈரல் பிடித்தெடுப்பதற்கும் தைரொயிட் ஓமோனின் தயவு வேண்டும். முப்பது வயது தாண்டாத, வெளிநாடு போவதற்கு மெடிக்கல் எடுத்த பெடியனுக்கு எல்.டி.எல். ஏறிக் கிடந்தால், கொத்துரொட்டியைத் திட்டுவதோடு நிறுத்தாமல் ஒரு ரி.எஸ்.எச். பார்க்கவேண்டும். தைரொயிட்டைத் திருத்தாமல் கொலஸ்ட்ரோல் குளிசையைத் தொடங்கினால் தசைநோவு வரும் வாய்ப்பும் கூட.

இனி அந்தக் காதோடு கேட்கிற கேள்வி. "கலியாணத்துக்கு முதல் சுகமாயிடுமோ?" இதைக் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது, கேட்க வைக்கிறவர்கள் மேல் இன்னும் கூட வருகிறது. சாதகத்தோடு சேர்த்து நோயையும் விசாரிக்கிற ஊரில் தாய்மார் ஒளிப்பார்கள். குளிசைப் போத்தல் அலுமாரிச் சீலைகளுக்கு அடியில் போகும். மாப்பிள்ளை வீட்டில் விடிய எழும்பி எல்லாருக்கும் முன்னால் குளிசை போட்டால் கேள்வி வரும் என்று பிள்ளை அதை நிறுத்திவிடும். தைரொக்சின் உடலில் பாதியாகக் குறைய ஒரு கிழமை எடுக்கும், அதனால் நிறுத்தின உடனே ஒன்றும் தெரியாது. "பாத்தியே, குளிசை இல்லாமலே நல்லாத்தானே இருக்கிறாய்" என்று சொல்லவும் ஆள் இருக்கும். மாதங்கள் போக நாடி இறங்கும், களைப்பு வரும், "புது மருமகள் சோம்பேறி" என்ற பட்டமும் கூட வரும். அதற்குள் பிள்ளை வயிற்றில் தங்கியிருந்தால் நிலைமை மோசம். கர்ப்பத்தில் தைரொக்சின் தேவை கூடுகிறது, வழக்கமான அளவைவிட ஏறத்தாழ 25 முதல் 30 வீதம். கருவின் மூளை முதல் மாதங்களில் தாயின் ஓமோனை நம்பித்தான் வளர்கிறது. தாயின் இதயமோ இரண்டு உயிருக்காக ஓடவேண்டிய நேரம் அது. ஒளித்துவைக்கச் சொன்ன ஆட்கள் ஒருவரும் அப்போது கிளினிக் வாங்கிலில் வந்து குந்துவதில்லை.

என் பெறாமகளின் தாயிடம் நான் சொன்னது ஒன்றுதான்: இது ஒளிக்கிற நோய் இல்லை, கண்ணாடி போடுகிறவளுக்குக் கண்ணாடியை ஒளிப்பீர்களோ என்று கேள். அவள் கேட்டாளோ தெரியாது. ஆனால் குளிசைப் போத்தல் இப்போது சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.

குளிசை போடுகிற முறையில்தான் எங்கட ஊரில் அதிகம் சறுக்குகிறது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணியோடு, தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம் முதல். கண் விழித்ததும் தேத்தண்ணிக் கோப்பை கையில் இல்லாவிட்டால் உலகம் சுற்றாத எங்களுக்கு இது பெரிய தவம். கர்ப்பிணிகள் திரிபோஷ சத்துமாவைச் சற்றுத் தள்ளிச் சாப்பிடவேண்டும், அதில் சோயா இருக்கிறது. குளிசைக்கு வெக்கையும் ஈரமும் ஆகாது. தகரக் கூரைக்குக் கீழ் யன்னலோரம் வைத்தால் வீரியம் போய்விடும். ஆறு கிழமை முதல் எட்டுக் கிழமைக்குள் மீண்டும் ரி.எஸ்.எச். பார்த்துத்தான் அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ. இடையில் பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

இளையவர்களுக்குப் பெரும்பாலும் முழு அளவிலேயே தொடங்குவார்கள். அம்மம்மாவுக்கு அப்படி இல்லை. வயது போனவர்கள், இதய நாடிகளில் அடைப்பு இருக்கக்கூடியவர்கள் சின்ன அளவில் தொடங்கி மெல்ல ஏற்றவேண்டும். கனகாலம் ஆறுதலாக ஓடிப்பழகிய இதயத்தை ஒரேயடியாக விரட்டினால் நெஞ்சுவலி வரும். ஆகவே பேத்தியின் துண்டைக் காட்டி அம்மம்மாவுக்கு மருந்து வாங்குகிற வேலை வேண்டாம். உடம்பு மெலிய என்று தைரொக்சின் விழுங்குகிற பழக்கமும் கேள்விப்படுகிறேன். அளவு கூடினால் இதயம் ஒழுங்கு தப்பிப் படபடக்கும், எலும்பும் தேயும். ரி.எஸ்.எச். 5, 6 என்று இலேசாக ஏறியிருக்கிற எல்லாருக்கும் குளிசை தேவையும் இல்லை. பல நேரம் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் தானாக இறங்கியிருக்கும். 10ஐத் தாண்டினால்தான் இதயத்துக்கு வரும் கேடு தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. களைப்புக்கெல்லாம் தைரொயிட் காரணமும் இல்லை. நித்திரை கொள்ளாமல் படிக்கிற பிள்ளை களைக்கத்தான் செய்யும்.

மயங்கி விழுந்தால், நிமிர்ந்து படுக்க மூச்சு முட்டினால், நாடி மிகவும் குறைந்து ஆள் தூக்கத்திலேயே கிடந்தால் ரி.எஸ்.எச். முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காமல் மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்.

பெறாமகளின் நாடி இப்போது எழுபதுகளில். நீர் வற்றிவிட்டது என்று அடுத்த எக்கோவில் சொன்னார்கள். இது இந்த நோயில் நடக்கிற வழமையான சங்கதிதான், அதிசயம் ஒன்றும் இல்லை. ஓமோன் திரும்பக் கிடைத்தால் இளம் இதயம் பெரும்பாலும் தன் பழைய நிலைக்கு வந்துவிடும். களைப்புப் போக இதயத்தைவிடக் கூட நாள் எடுத்தது.

மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த யாழ்ப்பாணக் குடாநாடு இது. ஆனாலும் நோயைப் பற்றி எங்கட ஆட்கள் முதலில் கேட்கிற கேள்வி எப்போதும் சாப்பாடுதான். மரவள்ளிக்கிழங்கு தின்னலாமோ? மரவள்ளியில் இருந்து உடலில் உண்டாகும் ஒரு பொருள் தைரொயிட்டுக்குள் அயடீன் போவதைத் தடுக்கும் என்பது உண்மை. அயடீனும் கிடைக்காமல், மூன்று நேரமும் மரவள்ளியே சாப்பாடாக இருந்த இடங்களில் அது கழலையைக் கூட்டியது. அயடீன் உப்புப் போட்டுச் சமைக்கிற வீட்டில், கிழமைக்கு ஒருநாள் மூடாமல் அவித்துச் சம்பலோடு தின்பதால் ஒன்றும் ஆகாது. மரவள்ளியோடு இஞ்சி சேர்த்தால் நஞ்சாகும் என்கிற வழக்கை நான் தீர்க்கப்போவதில்லை. அதற்கு எங்கட வீட்டில் அம்மம்மா இருக்கிறா.